பல்கலைச் செல்வர் குக்ரித் பிரமோஜ்

ஒரு துறையில் மேம்படுதலே அரிது. அரசியல், இலக்கியம், பத்திரிகை, கூத்து ஆகிய பல துறைகளிலும் ஒருவரே புகழெய்துதல் அதனினும் அரிது. அவ்வருஞ் செயலைத் தாய்லாந்திற் செய்து காட்டியவர் குக்ரித் பிரமோஜ் ஆவர். அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், சிங்புரி மாகாணத்திலே, சாவ் பிராயா ஆற்றில் நின்ற படகொன்றில் அவர் பிறந்தார். இரண்டாம் இராமா மன்னரின் வழித்தோன்றல். பாங்கொக்கில் இளமைக் கல்வி கற்று, இங்கிலாந்து சென்று, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகியவற்றைப் பயின்றார். அவர் தாயகம் மீண்டபோது, 1932ஆம் ஆண்டுப் புரட்சியால் மன்னரின் தனியாட்சி ஒழிந்திருந்தது. வருமான வரித் திணைக்களத்திலும் வங்கிகளிலும் பணிபுரிந்தபின், இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் அரசியலிற் புகுந்தார்.

1950இல் 'சயாம் ராத்' என்னும் நாளிதழை நிறுவினார். அதிலே தொடராக வெளிவந்ததே 'நான்கு ஆட்சிகள்' என்னும் பெருநாவல். சிறுமியாக அரண்மனை புகுந்த புளோய் என்பாள் நான்கு மன்னர் காலத்தைக் காண்கின்றாள். தான் பெற்ற மகனும், கணவனின் முன்னைத் தொடர்பிற் பிறந்து தன் கையில் வளர்ந்த மகனும் புரட்சியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க, அவள் நெஞ்சம் துடிக்கின்றது. பழமையை மிகைபடப் போற்றுகின்றாரென ஆசிரியரைக் குறை கூறுவாருமுளர். ஆயினும் நாடு பிளவுண்டபோது ஒரு தாயின் உள்ளம் பட்ட பாட்டை அந்நூல் மறவாது காட்டுகின்றது.

நம் மாணவர்க்கு இன்பந்தரும் செய்தி ஒன்றுண்டு. தாய்லாந்தின் இராமாயணம் 'இராமகியென்' எனப்படும்; முகமூடியணிந்து அதனை ஆடுங் கூத்து 'கோன்' ஆகும். 1966இல் தம்மசாத் பல்கலைக்கழக மாணவரைத் திரட்டி அக்கூத்துக்குழுவை அமைத்த குக்ரித், தாமே இலங்கை வேந்தனாகிய தசகண்டன் வேடம் பூண்டு ஆடினார். இராவணன் அந்நாட்டு மேடையில் வெறும் அரக்கன் அல்லன். வீறும் காதலும் பெருமிதமும் நிறைந்த மன்னன்.

1963இல் மார்லன் பிராண்டோ நடித்த அமெரிக்கத் திரைப்படமொன்றிலே, கற்பனை நாடொன்றின் பிரதமராகத் தோன்றினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வேடம் மெய்யாயிற்று. 1975 மார்ச்சில், தமையனார் சேனி பிரமோஜின் அரசு கவிழவே, பாராளுமன்றத்திற் பதினெட்டு இடங்களே கொண்ட கட்சியின் தலைவராகிய குக்ரித், பல கட்சிகளைக் கூட்டி ஆட்சியமைத்தார். இந்தோசீனம் முழுவதும் பொதுவுடைமையர் கைக்கு மாறிய காலம் அது. அவரோ அஞ்சி ஒதுங்காது பீக்கிங் சென்று, 1975 யூலை 1ஆம் நாள் சீனாவுடன் அரசுறவு நாட்டினார். அமெரிக்கப் படைகள் ஓராண்டினுள் நீங்குதல் வேண்டுமென்றார். கிராமப்புற வட்டார மன்றங்களுக்கு நேரே நிதி வழங்கி, உள்ளூர் வேலைகளை உள்ளூராரே தெரிந்து செய்யுமாறு வகுத்தார்.

எனினும் அவ்வாட்சி நிலைக்கவில்லை. 1975 ஓகஸ்டில் பொலிசாரே அவர் இல்லத்துட் புகுந்து பொருள்களைச் சூறையாடினர். 1976 ஏப்ரல் தேர்தலில் அவர் தமது தொகுதியையே இழந்தார். தமையனார் மீண்டும் பிரதமரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 6ஆம் நாள், அவர் கூத்துக்குழு வளர்ந்த அதே தம்மசாத்திலே மாணவர் பலர் கொல்லப்பட்டனர். ஆட்சியும் படையினர் கைப்பட்டது.

அதன்பின்னும் அவர் எழுத்தையும் கட்சிப் பணியையும் விட்டாரல்லர். 1985இல் இலக்கியத்திற்கான தேசியக் கலைஞர் என்னுஞ் சிறப்புப் பெற்றார். 1995 ஒக்டோபர் 9ஆம் நாள், தமது எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். பாங்கொக்கில் அவர் வாழ்ந்த மரவீடு நூதனசாலையாயிற்று.

அவர் ஆட்சி ஓராண்டளவே நின்றது. அவர் படைத்த புளோய் இன்றும் வாழ்கின்றாள். கல்லூரி வாழ்வில் பாடநூலோடு நாடகமேடையையும் விவாத அரங்கையும் விரும்பும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு துறை கைவிட்டவிடத்து மற்றொரு துறை மனிதனைத் தாங்கும் என்பதற்கு, குக்ரித்தின் வாழ்வு சான்றாகுமென யாம் கருதுகின்றோம்.