நாட்டைக் கணக்கெடுத்த வாத்தியார் மகலனோபிஸ்



நம்ம ஊர்களுக்கு அவ்வப்போது யாராவது கணக்கெடுக்க வர்றாங்க. வீட்டில் எத்தனை பேர், நிலம் இருக்கா, மாசத்துக்கு எத்தனை கிலோ அரிசி, கடன் எவ்வளவு என்று கேட்கிறாங்க. சிலர் கதவைச் சாத்திக்கிறாங்க. சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிடறாங்க. இப்படி வீட்டு வாசலில் வந்து கேட்டு நாட்டு நிலைமையைத் தெரிஞ்சுக்கிற முறையை இந்தியா முழுக்கக் கொண்டு வந்தவர் ஒரு இயற்பியல் வாத்தியார். பேர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இந்த மலரில் அவர் வாழ்க்கையைத்தான் எழுதப் போறேன்.

அவர் 1893 ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பம். அவருடைய தாத்தா குருசரண், ஊர் எதிர்ப்பைப் பார்க்காமல் ஒரு விதவைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் அது லேசான காரியம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படிச்சு 1912-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். லண்டனில் படிக்கணும் என்று போனவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். ராத்திரி ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். அந்த ஊர் பிடிச்சுப்போய் அங்கேயே கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்துட்டார்.

அங்கேதான் நம்ம கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனோடு பழக்கம் ஏற்பட்டது. ஒரு தடவை இவர் ராமானுஜன் அறைக்குப் போனப்போ, ராத்திரியில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு தூங்குவதாக அவர் சொல்லியிருக்கார். இவர் கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கடியில் மடித்துச் செருகினபடியே இருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கணும் என்கிற விஷயம் ராமானுஜனுக்குத் தெரியாது. இவர்தான் விலக்கிக் காட்டிக் கொடுத்தார். எவ்வளவு பெரிய மேதைக்கும் புது ஊரில் ஒருத்தர் துணை வேண்டியிருக்கு பாருங்க.

1915-ல் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினப்போ, முதல் உலகப் போரால் கப்பல் புறப்பட நாளானது. அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் இருந்தபோது, அவருடைய ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்கிற புள்ளியியல் இதழைக் காட்டினார். இவருக்கு அதில் மனசு ஒட்டிக்கிச்சு. அதன் தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலிலேயே படிச்சுக்கிட்டு வந்தார். இங்கே வந்தவர் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே முதல்வராகவும் ஆனார்.

பகலில் இயற்பியல் பாடம், மற்ற நேரத்தில் புள்ளியியல் என்று காலம் ஓடியது. வானிலை, வெள்ளம், மனிதர்களின் உடல் அளவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு வங்காள மொழியில் அறிவுத்திறன் சோதனை என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். கவி ரவீந்திரநாத் தாகூருக்கு நெருக்கமானவர். பத்து வருஷம் அவருடைய விஸ்வபாரதியில் செயலாளர் பொறுப்பைப் பார்த்தார். 1923-ல் ராணி என்று அழைக்கப்பட்ட நிர்மலகுமாரியைக் கல்யாணம் செய்தார். பெண்ணின் அப்பாவுக்கு முழுச் சம்மதம் இல்லாததால், மாப்பிள்ளையின் தாய்மாமாவே பெண் வீட்டார் இடத்தில் நின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று சொல்லணும். 1926-ல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெரிய வெள்ளம். ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்தணும் என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். இவர் அறுபது வருஷத்து மழை, வெள்ளக் கணக்கை எல்லாம் வாங்கி உட்கார்ந்து பார்த்தார். படுகை மேடாகவே இல்லை, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினால்தான் வழி என்று சொன்னார். பிற்காலத்தில் மகாநதியில் ஹிராகுட் அணை கட்டும்போது அவர் கணக்குகள் உதவின. கண்ணால் பார்த்து ஊகிப்பதற்கும் கணக்குப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1931 டிசம்பர் 17-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லூரியில் ஒரு அறைதான் அலுவலகம். முதல் வருஷச் செலவு மொத்தமே 238 ரூபாய். நம்ம குழுக்களும் சின்ன சேமிப்பில் ஆரம்பிச்சதுதானே. அந்த ஒற்றை அறை பின்னால் உலகம் அறிந்த நிறுவனமாக வளர்ந்தது. 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது.

அவருடைய பெரிய சாதனை மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்குத் தெரிஞ்சதுதான். ஆனால் அடி பிடிச்ச பானையில் மேலே இருக்கிற ஒரு சோற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துடுவோம். அதனால் எந்த ஊர், எந்த வீடு என்பதை நம்ம இஷ்டத்துக்கு எடுக்காமல், சீட்டுக் குலுக்கிற மாதிரி எடுக்கணும். பெரிய வீடு, சின்ன வீடு எல்லாத்துக்கும் சீட்டில் இடம் இருக்கணும். 1937-லிருந்து வங்காளத்துச் சணல் பயிரை இந்த முறையில்தான் கணக்கெடுத்தார். ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணுவதைவிடச் செலவு ரொம்பக் குறைவு, கணக்கும் நம்பும்படியாக இருந்தது.

தப்பு நடக்காமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு அணிகளைத் தனித்தனியாக அனுப்புவார். இரண்டு கணக்கும் ஒத்து வருதா என்று பார்ப்பார். நம்ம கூட்டமைப்பில் ஒருத்தர் எழுதின கணக்கை இன்னொருத்தர் தனியாகக் கூட்டிப் பார்க்கிறோமே, அதே மாதிரிதான். விளைச்சலைத் தெரிஞ்சுக்க வயலில் ரொம்பச் சின்ன இடத்தை அளந்து அறுத்தால், ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்து விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பதையும் கண்டுபிடிச்சார்.

1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் அவரும் கூட இருந்தவர்களும் கிராமம் கிராமமாக மாதிரிக் கணக்கெடுத்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், கைத்தொழில் செய்தவர்கள், நெல் குத்திப் பிழைத்தவர்கள் எல்லாம் ரொம்ப அடிபட்டது அதில் வெளிச்சமாகத் தெரிஞ்சது. லட்சக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை வித்தோ அடமானம் வச்சோ இருந்தாங்க. நெல் குத்தும் வேலை அங்கே பெரும்பாலும் பெண்கள் செய்தது. அவங்க கஷ்டம் எண்ணிப் பார்த்ததால்தான் ஏட்டில் ஏறியது. எழுதப்படாத பசியை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் தொடங்கியது. முதல் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தது 1,833 கிராமங்கள். வீட்டுச் செலவைப் பற்றிக் கேட்கும்போது போன வாரக் கணக்கைக் கேட்பதா, போன மாசக் கணக்கைக் கேட்பதா என்று கூட அவர் சோதிச்சுப் பார்த்தார். சில கிராமங்களில் வீட்டில் சமைக்கிற தானியத்தை நிறுத்தே பார்த்தாங்க. மாசக் கணக்குதான் உண்மைக்குக் கிட்டே வந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அரிசி மாசத்துக்கு வாங்குகிற பொருள், எப்போ மூட்டை தீர்ந்தது என்பது சமைக்கிறவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அடுப்படியில் இருக்கிற நம்ம ஞாபகத்தில்தான் நாட்டோட கணக்கு நிற்குது.

1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர்தான் வரைவு தயாரிச்சார். நேரு அவர்மேல் ரொம்ப நம்பிக்கை வைத்திருந்தார். இரும்பு, இயந்திரம் போன்ற கனரகத் தொழில்களுக்கு அதில் முதலிடம். விவசாயத்துக்கும் உணவுக்கும் அதில் போதிய இடம் தரவில்லை என்று அப்போதிருந்து இன்றுவரை பலர் குறை சொல்றாங்க. அந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கதை முழுசாகும். திட்டங்களால் கூடின வருமானம் யார் கைக்குப் போச்சு என்று ஆராய 1960-ல் அரசு அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். செல்வம் சிலர் கையில் குவிவதை அந்தக் குழு எடுத்துச் சொன்னது.

1968-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1972 ஜூன் 28-ல், தன் 79-வது பிறந்த நாளுக்கு முதல் நாள் காலமானார். அவர் பிறந்த ஜூன் 29 இப்போது தேசியப் புள்ளியியல் தினம்.

சகோதரிகளே, அடுத்த தடவை கணக்கெடுப்பு என்று யாராவது வந்தால் முதலில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்க. சரியான ஆள் என்றால் உட்கார வச்சு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. வருமானத்தைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். குலுக்கிப் போட்ட சீட்டில் உங்க வீடு வந்திருக்குன்னா, நீங்க ஒருத்தர் சொல்றது வாய்ப்புக் கிடைக்காத நூத்துக்கணக்கான வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.