சாமிநாதையர் கல்வி கற்ற வகை

கல்வி முற்றும் ஆசிரியர் வாயிலாகவே வந்துவிடுவதன்று. ஆசிரியர் உரைப்பதை ஒருவன் நன்கு மனங்கொண்டானாயினும் அவன் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். இவ்வாறு நன்னூல் ஆசிரியராகிய பவணந்தி முனிவர் கணக்கிட்டுள்ளார். ஆசிரியர்க்குக் காற்பங்குதானா என்று இதனைக் கேட்போர் சிலர் ஐயுறுவர். இக்கணக்கின் உண்மையைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவர் உளர். அவரே தமிழ்த் தாத்தா என்று அன்புடன் போற்றப்பெறும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

சோழநாட்டில் பாபநாசத்திற்கு அருகேயுள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரே ஐயரவர்களின் சொந்த ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர், செல்வத்திலோ வறியவர். மைந்தரும் இசையில் தேர்ச்சி பெறவேண்டும் என்று அவர் விரும்பினார். மைந்தர் உள்ளமோ தமிழையே நாடியது. அக்காலத்தில் நல்ல தமிழாசிரியர் எல்லா ஊர்களிலும் இலர். அரியலூர், குன்னம், செங்கணம் என ஆசிரியர் இருக்கும் ஊர்தோறும் தந்தையும் மைந்தரும் சென்று தங்கினர். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் யாப்பிலக்கணம் கற்றார். ஒவ்வோர் ஆசிரியரும் தாம் அறிந்ததை மறையாது கற்பித்தனர்; ஆயினும் இளைஞரின் வேட்கை தணியவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதே அவருடைய இடையறாத எண்ணமாயிற்று.

அவ்வெண்ணம் 1871ஆம் ஆண்டில் கைகூடிற்று. இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தில் பிள்ளையவர்கள் அப்பொழுது வாழ்ந்து வந்தார். தம்மை நாடி வரும் மாணாக்கருட் பலர் சின்னாள் தங்கியிருந்து பின் சென்றுவிடுவதை அவர் கண்டவர். ஆதலின் புதிய மாணாக்கருக்குத் தாமே பாடம் சொல்லத் தொடங்காமல், தம்மிடம் முன்னரே பயின்றுவந்த சவேரிநாத பிள்ளை என்பாரிடம் நைடதம் படிக்கும்படி பணித்தார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவ சமயத்தினர். ஆசிரியரிடம் பேரன்பு பூண்டவர். அவர் அன்போடுதான் பாடம் சொன்னார். ஆயினும் பெரும்புலவரிடம் நேரே கற்க வந்த இளைஞருக்கு அது மனநிறைவு தரவில்லை. கடலை நாடி வந்தும் வாய்க்காலில் நீர் முகப்பது போன்ற நிலை அது.

பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகளை விருப்புடன் வளர்த்து வந்தார். எந்தச் செடி புதிதாகத் தளிர்விட்டிருக்கிறது என்று காலைதோறும் பார்த்து மகிழ்வது அவர் வழக்கம். இதனைக் கண்ட இளைஞர், விடியற்காலையில் ஆசிரியருக்கு முன்னரே எழுந்து சென்று, தளிர்விட்ட இடங்களையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். இவ்வாறு சில நாட்கள் கழிந்தன. ஆசிரியர் உள்ளத்திலும் அன்பு தளிர்த்தது. தக்க காலம் பார்த்து இளைஞர் தம் விருப்பத்தைத் தெரிவித்துக்கொண்டார். அதுமுதல் பிள்ளையவர்கள் தாமே பாடம் சொல்லலானார். வேங்கடராமன் என்ற பெயர் மாறிச் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததும் அவ்வாசிரியர் விருப்பத்தாலேயே ஆகும்.

அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. ஆசிரியர் செல்லும் ஊர்களுக்கெல்லாம் மாணாக்கரும் உடன்சென்றார். முன்னர் மனக்குறைக்குக் காரணமாயிருந்த சவேரிநாத பிள்ளையே இப்பொழுது உற்ற நண்பரானார். உடன் பயில்வாரிடத்தில் ஓர் உரிமை உண்டு. ஆசிரியரிடம் இருமுறை கேட்க நாணும் ஐயத்தை அவர்களிடம் பத்துமுறையும் கேட்கலாம். தவறு செய்யினும் அச்சமில்லை. திருத்துவதும் திருத்தப்பெறுவதும் அங்கே மாறி மாறி நிகழும்.

திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்தபொழுது இப்பழக்கம் மேலும் வளர்ந்தது. அங்கே பிள்ளையவர்களிடம் தம்பிரான்களும் பிறரும் கூடியிருந்து பாடம் கேட்டனர். மடத்தின் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும் தமிழிலும் வடமொழியிலும் வல்லவர். புலவர்களின் உரையாடலைக் கேட்டு மகிழ்பவர். இளைய தம்பிரான்களுக்குச் சாமிநாதையர் பாடம் சொல்லும் வாய்ப்பும் அங்கே நேர்ந்தது. கேட்டபொழுது எளிதாகத் தோன்றிய செய்யுள், சொல்லப் புகுந்தபொழுது அரிதாய் நின்றது. கேட்பவர் வினவும் வினாக்கள் சொல்பவரை மீண்டும் நூலிடமே செலுத்தின.

1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய இறுதிக் காலத்தில் சவேரிநாத பிள்ளையும் சாமிநாதையரும் அருகிருந்தனர். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நிழல்போல் தொடர்ந்த ஆசிரியரை இழந்த துயரம் சிறிதன்று. சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்து, மடத்திலேயே இருக்கச் செய்து, தாமும் பாடம் சொன்னார். பிறர்க்குப் பாடம் சொல்லும் பொறுப்பும் ஐயரவர்களிடம் வந்தது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் முன்னர்ப் பயின்ற மாணாக்கர். ஒரே ஆசிரியரிடம் பயின்ற உறவை அவர் பெரிதும் மதித்தவர். 1880ஆம் ஆண்டில் தாம் ஓய்வுபெற்றபொழுது, தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று பரிந்துரைத்தார். இங்ஙனம் ஆசிரியர் தந்த கல்வியோடு, உடன் பயின்ற பெரியார் காட்டிய அன்பும் சேர்ந்து அவரைக் கல்லூரியில் அமர்த்தியது.

அவ்வாண்டிலேயே அவருடைய வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சேலம் இராமசாமி முதலியார் என்னும் அறிஞர் முன்சீப்பாகக் கும்பகோணத்திற்கு வந்தார். அவரைக் காணச் சென்ற ஐயரவர்கள், தாம் யாரிடம் பயின்றவர் என்பதையும் என்னென்ன நூல்கள் கற்றவர் என்பதையும் கூறினார். நீண்டதொரு வரிசை அது. முதலியாரோ அதனைக் கேட்டு வியக்கவில்லை. இந்நூல்களுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றைப் பயின்றதுண்டா என வினவினார். ஐயரவர்கள் அவற்றைப் பயின்றதில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

பெரும்புலவரிடம் பயின்றோம் என்ற பெருமிதம் உடைய ஒருவருக்கு இது சுடுசொல்லாகத் தோன்றியிருக்கலாம். அன்றைய புலவருலகம் போற்றாத பழைய நூல்களைத் தாம் ஏன் கற்கவேண்டும் என்று அவர் எழுந்து வந்திருக்கலாம். ஐயரவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அறியாமையை அறியாமை என்றே ஒப்புக்கொண்டார். ஏடு கிடைத்தால் படித்து அறியலாம் என்று துணிந்தார். முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றை அளித்து, அதனைத் தமக்குப் பாடம் சொல்லவும் வேண்டினார். தாம் கல்லாத நூலைப் பிறர்க்குக் கற்பிக்கும் கடமை இவ்வாறு நேர்ந்தது. கற்பித்தற்பொருட்டே அவர் கற்றார்.

நச்சினார்க்கினியர் உரை துணைநின்றது. ஆயினும் சிந்தாமணி சைன சமயக் காப்பியம். அச்சமயக் கொள்கைகள் சைவ மடத்தில் பயின்றவருக்குப் புதியவை. அவற்றை விளக்கும் ஆசிரியர் யார்? தமிழ்ப் புலவருள் அவருக்கு ஒருவரும் அகப்படவில்லை. கும்பகோணத்திலேயே சைனர் பலர் வாழ்கின்றனர் என்பதை அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பாரை நாடிச் சென்றார். அவர் சென்ற நாளில் அவ்வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணத்தை வினவியபொழுது, சிந்தாமணியைப் படித்து அன்றுதான் நிறைவு செய்தனர் என்பது தெரிந்தது. நாட்டுப் புலவர்கள் மறந்த நூலை இல்லறத்தார் சிலர் வழிபாட்டு நூலாகப் போற்றி வந்தனர். அன்றுமுதல் ஐயரவர்கள் அவர்களிடம் சென்று ஐயங்களைப் போக்கிக்கொண்டார். கல்லூரியில் ஆசிரியராக வீற்றிருந்தவர், அவ்வீட்டில் மாணாக்கராக அமர்ந்தார். பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்திய பின், 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

பின்னர்ப் பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மணிமேகலையை ஆராய்ந்தபொழுது பழைய இடர்ப்பாடே மீண்டும் தோன்றியது. அது பௌத்த காப்பியம். சிந்தாமணிக்குச் சைன அன்பர் வாய்த்ததுபோல் இதற்குப் பௌத்த அன்பர் அருகில் இலர். அப்பொழுது உதவியவர் அதே கல்லூரியில் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியர். அவர் பௌத்த சமயம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து, ஐயரவர்களுக்குப் பொருள் விளக்கினார். தமிழ்ப் புலமையும் ஆங்கிலப் புலமையும் இவ்வாறு தோழமை கொண்டதன் பயனாக, 1898ஆம் ஆண்டில் மணிமேகலை அரும்பதவுரையோடு வெளிவந்தது.

ஐயரவர்கள் 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919ஆம் ஆண்டு வரையில் அங்கே பணியாற்றினார். 1906ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. இத்துணைச் சிறப்பு எய்திய பின்னரும் அவர் தம் கல்விக்கு உதவிய ஒருவரையும் மறந்தாரல்லர். ஆசிரியர் வரலாற்றை இரண்டு பாகங்களாக விரித்து எழுதினார். தியாகராச செட்டியாருக்கும் தனி நூல் இயற்றினார். உடன் பயின்ற சவேரிநாத பிள்ளையையும், வினாவால் வழிகாட்டிய இராமசாமி முதலியாரையும், சைன அன்பரையும் தம் சரித்திரத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 28ஆம் நாள் அவர் புகழுடம்பு எய்தினார்.

பிள்ளையவர்கள் சிந்தாமணியைக் கற்பிக்கவில்லை. ஆனால் எந்தச் செய்யுளையும் அஞ்சாது அணுகும் ஆற்றலைக் கற்பித்தார். அந்தக் காற்பங்கு இல்லையேல் மற்றவை நிற்பதற்கு அடிப்படை இல்லை. நண்பரும் அயலாரும் தந்த காற்பங்கு இல்லையேல் ஆசிரியர் அறியாத நூல்கள் அவருக்கு எட்டியிரா. பிறர்க்கு உரைத்தல் என்னும் அரைப்பங்கு இல்லையேல் இரண்டும் அவருள்ளேயே அடங்கியிருக்கும். ஆதலின், மாணாக்கர் ஆசிரியரைத் தெய்வமெனப் போற்றுக. அருகிருந்து பயிலும் தோழனையும் ஆசிரியனாக மதித்து வினவுக. தாம் அறிந்ததைப் பின்தங்கிய தோழனுக்கு மறையாது உரைக்க. தளிரைக் காண விடியற்காலையில் எழுந்த அந்த இளைஞர் வளர்ந்து பெருமரமானது இவ்வகையாலேயே.