லேத் பட்டறையில் பிறந்த மூட்டு

கிரீச்! கிரீச்!

ஒருவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் இந்தச் சத்தம். வந்த இடம் அவருடைய இடுப்பு!

கெட்டுப்போன மூட்டில் டாக்டர்கள் வைத்த பிளாஸ்டிக் உருண்டைதான் அப்படிக் கத்தியது. அதைச் சகிக்க முடியாமல் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாராம்.

அந்தச் சத்தம் ஒரு டாக்டரைச் சிந்திக்க வைத்தது. அவர்தான் ஜான் சார்ன்லி.

1911-ம் ஆண்டு இங்கிலாந்தில் பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர். தாய் நர்சு. மான்செஸ்டரில் டாக்டருக்குப் படித்த அவருக்கு, லேத் பட்டறை வேலையிலும் ஆசை உண்டு.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மிஷின் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். உரசும் இடத்தில் தேயாத பொருள் வேண்டும். பாரமும் சரியாக விழவேண்டும். இல்லாவிட்டால் பேரிங் போய்விடும். மனித மூட்டும் அப்படித்தான்!

தொடையில் சோதனை

1950-களின் இறுதியில், டெப்லான் கிண்ணத்தை இடுப்பில் பதித்து, அதில் எஃகு உருண்டையைப் பொருத்தினார் சார்ன்லி. நொண்டி வந்தவர்கள் நன்றாக நடந்து போனார்கள்.

ஆனால் சில ஆண்டுகளில் டெப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் மூட்டைப் புண்ணாக்கின. சுமார் 300 பேருக்கு அதை வைத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக வலியோடு திரும்பி வந்தார்கள்.

சார்ன்லி ஓடி ஒளியவில்லை. தாமே மறு ஆபரேஷன் செய்தார். துகள் என்ன செய்கிறது என்று அறிய, தமது தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார்!

மெக்கானிக் செய்த வேலை

1962-ல் ஒரு வியாபாரி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று ஒதுக்கிவிட்டார்.

பட்டறை மெக்கானிக் ஹாரி கிரேவன் விடவில்லை. டாக்டர் வெளியூர் போன நேரத்தில், அதைச் சோதனை மிஷினில் மாட்டி ஓடவிட்டார். டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, இது மூன்று வாரத்தில் தேயவில்லை!

அந்த ஆண்டு நவம்பரில் புதிய கிண்ணம் நோயாளிகளுக்கு வைக்கப்பட்டது.

எங்கே வைப்பது?

நல்ல பொருள் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. வைக்கும் இடமும் சரியாக இருக்கவேண்டும்.

பிள்ளைகள் விளையாடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டுதான் அதன் நடுத்தாங்கல். ஒரு பக்கம் உடல் பாரம். மறுபக்கம் தசை. பாரம் தள்ளி இருந்தால், தசை அதிகமாக இழுக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்தும்.

ஆகவே, சார்ன்லி கிண்ணத்தைச் சற்று உட்புறமாகப் பதித்தார். தசை பிடித்திருக்கும் எலும்பைச் சற்று வெளிப்புறமாகப் பொருத்தினார். மூட்டின் மேல் அழுத்தம் குறைந்தது.

இன்று முழங்கால் மாற்று ஆபரேஷனிலும் இந்தக் கணக்கு உண்டு. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நிற்கும் கோட்டை டாக்டர்கள் அளந்து பார்க்கிறார்கள். செயற்கை மூட்டு அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டால், ஒரு பக்கமே பாரம் விழும். பிளாஸ்டிக் தேயும். மூட்டு ஆட்டம் காணும்.

1977-ல் சார்ன்லிக்கு "சர்" பட்டம் கிடைத்தது. 1982-ல் காலமானார். அவர் காட்டிய வழியில் செய்த மூட்டுகளோடு, உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் எழுந்து நடக்கிறார்கள்.