பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

துன் வீ.தி. சம்பந்தன் பெயரைக் கேள்விப்படாத தமிழர் இந்த நாட்டில் குறைவு. சாலைக்கு அவர் பெயர், பள்ளிக்கு அவர் பெயர், கோலாலம்பூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கும் அவர் பெயர். ஆனா நம்ம இயக்கத் தம்பி தங்கைகளிடம் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், மந்திரியா இருந்தாரு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கெடா தோட்டத்துப் பிள்ளைகள் அதோடு நிறுத்தக் கூடாது.

அவர் 1919-ல் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்ட முதலாளியாக உயர்ந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பியதும் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழும்பப் பாடுபட்டார். 1954-ல் அது திறக்கப்பட்டது.

1955-ல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சர், அப்புறம் சுகாதாரம், அதற்குப் பின் பல ஆண்டுகள் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானோ நம்ம கெடாக்காரர். இருவரும் ஒன்றாக நாட்டை நடத்தினார்கள்.

அந்தக் காலத்துல தோட்டங்களில் ஒரு பெரிய இடி விழுந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கினவங்க அதைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி மறுபடி வித்தாங்க. தோட்டத் துண்டாடல் என்பது அதுதான். தோட்டம் துண்டானால் வேலை போகும், லயம் போகும், ஆஸ்பத்திரி போகும், தமிழ்ப்பள்ளி ஆடிப்போகும். நம்ம தாத்தா பாட்டி கும்பிட்ட மாரியம்மன் கோயில் யாரோ ஒருத்தர் நிலத்துல நிக்கும். சொந்தமா ஒரு அடி மண்ணும் இல்லாத தொழிலாளி எங்க போவான்?

மனு கொடுத்துக் காத்திருந்தால் பத்தாது என்று சம்பந்தன் நினைத்தார். விற்கிற தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கட்டும் என்றார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாசம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவரும் கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய் இதை எடுத்துச் சொன்னார்கள். இன்னைக்கு பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போயிடும். அன்னைக்கு பால் மரம் வெட்டின குடும்பத்துக்கு அது வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி எடுத்து வெச்ச காசு.

அந்தக் காசில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கே தெரியுமா? நம்ம கெடாவில், 1961-ல், புக்கிட் சீடிம் தோட்டம். பின்னால் பல மாநிலங்களில் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மைதான். துண்டாடலில் சிதறிய குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் கூலிக்கு வந்த இனம் ஒன்று சேர்ந்தால் நிலம் வாங்க முடியும் என்று காட்டிவிட்டார்.

கட்சிக்குள் நெருக்கடி முற்றி, 1973-ல் தலைவர் பதவியை விட்டு விலகினார். 1979 மே மாதம் காலமானார். அரசியலில் சம்பாதித்தவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. குடும்பச் சொத்து கரைந்தது என்றுதான் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

தம்பி தங்கைகளே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஏதும் இருக்கா என்று பாருங்கள். இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. சங்கத்தில் போய் விசாரியுங்கள். அது அவர்கள் மாசம் பத்து வெள்ளியாகச் சேர்த்த மண்.