இராமாநுஜனும் ஒரு பேரெண்ணும்

கணித உலகில் நம் நாட்டின் பெயரை நிலைநிறுத்திய சீனிவாச இராமாநுஜன், 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவிச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எப்.ஏ. தேர்விலும் தவறினார். பட்டமும் இன்றிப் பிழைக்கும் வழியும் இன்றித் தம் குறிப்பேடுகளுடன் பலரை நாடினார். சென்னையினின்றும் நம் கும்மிடிப்பூண்டி வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பாதையில் உள்ள நெல்லூரில் அந்நாளில் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ், 1910இல் தம்மைக் காணவந்த இவ்விளைஞருக்குப் பொருளுதவி புரிந்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்த இராமாநுஜன், அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு 1915இல் வெளிவந்த அவர்தம் நீண்ட கட்டுரை, எண்களின் ஓர் அரிய இயல்பை ஆராய்வது. 12 என்னும் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறாம். இவற்றை வகுஎண்கள் என்போம். 12இனும் சிறிய எவ்வெண்ணுக்கும் நான்கு வகுஎண்களுக்கு மேல் இல்லை. இங்ஙனம், தன்னிற் சிறியன அனைத்தையும் வகுஎண் தொகையில் விஞ்சும் எண்களை அவர் தேடினார். அவ்வெண்களைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 வரும் தடவைக்கு மேல் 3 வாராது. 3 வரும் தடவைக்கு மேல் 5 வாராது. இறுதிப் பகா எண், 4, 36 என்னும் இரண்டில் அன்றி, ஒரே தடவைதான் வரும் என நிறுவினார்.

அத்தகைய 102 எண்களை அவர் பட்டியலிட்டார். இறுதியில் நிற்பது 67,46,32,83,88,800. இதனுள் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5, 7 இரண்டிரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தடவைத் தொகையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்க, 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 வகுஎண்கள் பெறப்படும். தேர்வில் தவறியவருக்கு, இவ்வாராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் அளித்தது.

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600, வகுஎண்கள் 5,040. வியப்பு யாதெனில், விடுபட்ட அதனை 23ஆற் பெருக்கினால், பட்டியலின் இறுதி எண்ணே விடையாக வரும்! ஐயமுறும் மாணவர் தாமே பெருக்கிப் பார்ப்பாராக.

1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகிய இராமாநுஜன், நோயுற்று 1919இல் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அக்கட்டுரையின் அச்சேறாத பகுதி பல்லாண்டுகளுக்குப் பின்னர்தான் வெளிவந்தது.

விடுபட்ட ஓரெண் அவர் பெருமையைக் குறைப்பதன்று. அவர் நிறுவிய விதியே அதன் இயல்பையும் நமக்கு உணர்த்துகின்றது. பெரியோரைப் போற்றுதலும், அவர்தம் கணக்கைத் தாமே சரிபார்த்தலும் கற்பார்க்கு ஒருங்கே உரிய கடமைகள் அல்லவோ?