மெரியன் மைதானத்துக்கு மறுபடியும் வரும் அமெச்சூர் கோல்ஃப்: யார் இந்த பாபி ஜோன்ஸ்?

அமெரிக்க அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன்ஷிப் 2026 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகரை ஒட்டி இருக்கும் மெரியன் கோல்ஃப் கிளப்பில் நடக்கிறது. 1916, 1924, 1930, 1966, 1989, 2005 என ஏற்கெனவே 6 முறை இந்தப் போட்டியை நடத்திய இடம் இது.

நீங்கள் கோல்ஃப் பார்க்கிறவராக இல்லாமல் இருக்கலாம். நம்மில் பலருக்கும் அது பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஆட்டம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த முதல் 3 வருடங்களை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். 1916, 1924, 1930. இந்த மூன்றிலும் ஒரே மனிதரின் கதை இருக்கிறது. முதல் முறை வந்தபோது அவருக்கு வயது 14. மூன்றாவது முறை ஆடி முடித்தபோது 28. அதோடு போட்டி கோல்ஃபையே விட்டுவிட்டார்.

அவர் பெயர் பாபி ஜோன்ஸ்.

சாப்பிட முடியாத குழந்தை

ஜோன்ஸ் 1902 மார்ச் 17-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். வயிற்றுக் கோளாறு. 5 வயது வரை கெட்டியான உணவு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பையனுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று குடும்பம் ஊருக்கு வெளியே, ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் தங்கியது. அங்கே ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சியாளராக இருந்தார். ஜோன்ஸ் அவரிடம் முறையாகப் பாடம் எதுவும் படிக்கவில்லை. அவர் பின்னாலேயே நடந்து, அவர் மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்யக் கற்றுக்கொண்டார்.

14 வயதில் ஜார்ஜியா மாநில அமெச்சூர் பட்டம் வென்ற கையோடு மெரியனுக்கு வந்தார். தகுதிச் சுற்றின் முதல் 18 ஹோல்களில் 74 அடிகள். அன்று எல்லோரையும் விட அவர்தான் முன்னிலை. அடுத்த 18 ஹோல்களில் 89. ஒரே போட்டி, 15 அடி வித்தியாசம்! திறமை எவ்வளவு, பக்குவம் எவ்வளவு என்று கேட்டால் இந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும். எப்படியோ தகுதி பெற்று, முன்னாள் சாம்பியன் எபன் பையர்ஸைத் தோற்கடித்து, காலிறுதி வரை போய்த்தான் தோற்றார்.

கோபம்தான் முதல் எதிரி

அடுத்த 7 வருடங்களில் பெரிய பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தில் குறை இல்லை, பிரச்சினை கோபத்தில்தான். ஒரு அடி தப்பினால் மட்டை பறக்கும். 1921-ல் அப்படி வீசிய மட்டை ஒரு பெண் பார்வையாளரின் காலில் பட்டது. இனி இப்படி நடந்தால் எங்கள் போட்டிகளில் இடமில்லை என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் கடிதமே அனுப்பிவிட்டது. அதே வருடம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், 11-வது ஹோலில் மணல் குழிக்குள் பந்து சிக்கிக்கொள்ள, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். கோல்ஃப் பிறந்த ஊரில் அதைவிட அவமானம் இல்லை.

அந்த மனிதர் 4 வருடம் கழித்து என்ன செய்தார் பாருங்கள். 1925 அமெரிக்க ஓபன். புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக அசைந்தது. நடுவர் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தானே போய்ச் சொல்லி, தன் கணக்கில் ஒரு அடியைச் சேர்க்க வைத்தார். போட்டி சமனில் முடிந்தது, பிளேஆஃபில் தோற்றார். அதாவது அந்த ஒரு அடிதான் அவர் பட்டத்தைப் பறித்தது. நம்ம ஊர் கணக்கில், அம்பயர் கையைத் தூக்காதபோதும் எட்ஜ் பட்டது தெரிந்து தானாக பெவிலியனுக்கு நடக்கும் பேட்ஸ்மேன் மாதிரி. அதுவும் இறுதிப் போட்டியில்.

எண்கள் என்ன சொல்கின்றன?

1923-ல் அமெரிக்க ஓபனை வென்றதிலிருந்து 1930 வரை அவர் ஆடிய பெரிய போட்டிகள் 21. வென்றவை 13. இதை நான் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். இதை விட எனக்கு வியப்பாக இருந்தது அமெரிக்க ஓபன் வரிசை. 1922 முதல் 1930 வரை 9 முறை ஆடி 4 முறை முதலிடம், 4 முறை இரண்டாமிடம். மீதி ஒரு முறை, 1927-ல், 11-வது இடம். அந்தப் போட்டியில் எதிரே நின்றவர்கள் கோல்ஃபையே தொழிலாகக் கொண்டவர்கள்.

இவர் அமெச்சூர். பரிசுப் பணம் ஒரு டாலர் வாங்கக்கூடாது. வருடத்தில் பல மாதங்கள் மட்டையையே தொடமாட்டார். இதற்கு நடுவே ஜார்ஜியா டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம், பிறகு எமரியில் சட்டம் படித்தார். சட்டப் படிப்பை முடிப்பதற்கு முன்பே வழக்கறிஞர் தேர்வில் பாஸாகிவிட்டதால் பட்டம் வாங்காமலேயே வக்கீல் ஆனார்.

பணம் வாங்காமல் ஆடுவது உயர்ந்த பண்பு என்று அப்போது சொல்லப்பட்டது. அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற பண்பு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஜோன்ஸின் அப்பா வக்கீல்.

1924-ல் மெரியனுக்கு இரண்டாம் முறை வந்தார். இறுதிப் போட்டியில் ஜார்ஜ் வான் எல்மை 9-8 என்று வென்றார். இந்தக் கணக்கு புதிதாக இருக்கலாம். அமெச்சூர் இறுதி ஆட்டம் 36 ஹோல்கள்; ஒவ்வொரு ஹோலும் தனித்தனி சண்டை. மீதமுள்ள ஹோல்கள் எல்லாவற்றையும் ஜெயித்தாலும் எதிராளி எட்ட முடியாது என்ற நிலை வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 9-8 என்றால் இன்னும் 8 ஹோல்கள் பாக்கி, ஜோன்ஸ் 9 ஹோல்கள் முன்னிலை. அதுதான் அவருடைய முதல் அமெரிக்க அமெச்சூர் பட்டம்.

1930: நான்கும் ஒரே வருடத்தில்

அன்றைக்கு நான்கு பெரிய போட்டிகள்: பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓபன், அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர். நான்கையும் ஒரே வருடத்தில் யாரும் வென்றதில்லை. அதற்குப் பிறகும் யாரும் வெல்லவில்லை.

முதலாவது, ஒன்பது வருடம் முன்பு பாதியில் விட்டுப் போன அதே செயின்ட் ஆண்ட்ரூஸில். நடப்பு சாம்பியன் சிரில் டாலியுடனான ஆட்டம் 18 ஹோல்களிலும் முடிவு தெரியாமல் 19-வதுக்குப் போய்த்தான் ஜோன்ஸ் தப்பித்தார். இறுதிப் போட்டி அதைவிட சுலபம்! பிறகு இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் 2 அடி வித்தியாசத்தில், மின்னசோட்டாவின் இன்டர்லாக்கனில் 2 அடி வித்தியாசத்தில் ஓபன் பட்டங்கள். வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு போட்டி வாரத்திலும் பல கிலோ எடை குறைகிற அளவுக்கு உள்ளுக்குள் பதற்றம். சாப்பாடு இறங்காது.

செப்டம்பர் 27. மெரியன். சுமார் 18,000 பேர் கூட்டம், ஜோன்ஸைச் சுற்றி கடற்படை வீரர்கள் காவல். யூஜின் ஹோமன்ஸை 8-7 என்று வென்றார். 36-ல் 7 போனால் 29. அதாவது இரண்டாவது சுற்றின் 11-வது ஹோல். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

நவம்பரில் ஓய்வை அறிவித்தார். வார்னர் பிரதர்ஸுக்காக கோல்ஃப் கற்றுத்தரும் குறும்படங்கள், ஸ்பால்டிங் நிறுவனத்துக்கு மட்டை வடிவமைப்பு என்று அதன்பிறகுதான் விளையாட்டில் பணம் பார்த்தார்.

அகஸ்டாவும் அதன் கதவும்

ஜார்ஜியாவின் அகஸ்டாவில் ஒரு பழைய நர்சரி நிலத்தை வாங்கி, மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியுடன் சேர்ந்து ஜோன்ஸ் உருவாக்கியதுதான் அகஸ்டா நேஷனல். 1934-ல் அங்கே தொடங்கிய போட்டியைத்தான் இன்று மாஸ்டர்ஸ் என்கிறோம்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். யாரும் பார்க்காதபோது தன் மீதே ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்ட மனிதரின் கிளப்பில், அவர் உயிரோடு இருந்தவரை ஒரு கறுப்பின வீரர்கூட மாஸ்டர்ஸ் ஆடவில்லை. பை தூக்கும் கேடிகள் மட்டும் கறுப்பினத்தவர். லீ எல்டர் முதன்முதலாக ஆடியது 1975-ல். முதல் கறுப்பின உறுப்பினர் 1990-ல், முதல் பெண் உறுப்பினர்கள் 2012-ல். இப்போது, 2019 முதல், பெண்களுக்கான அமெச்சூர் போட்டியின் கடைசிச் சுற்று அகஸ்டாவில் நடக்கிறது. அந்தக் காலத்து தெற்கு மாநிலங்களில் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் விதியை வைத்து இவரைப் புகழும்போது இந்த வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நடக்க முடியாத கடைசி வருடங்கள்

1948-ல் ஈஸ்ட் லேக்கில் ஆடியதுதான் அவருடைய கடைசி முழுச் சுற்று. கை கால்கள் மெல்ல மரத்துப்போயின. அறுவை சிகிச்சைகள் பலன் தரவில்லை. முதுகுத்தண்டு நரம்புக்குள் நீர்க்கட்டி உருவாகும் சிரிங்கோமைலியா என்ற நோய் என்று பிறகு தெரிந்தது. ஊன்றுகோல், அப்புறம் சக்கர நாற்காலி.

1958-ல் அமெரிக்க அமெச்சூர் அணியின் கேப்டனாக செயின்ட் ஆண்ட்ரூஸ் போனார். ஊர் அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் இவர்தான். விழா முடிந்து மின் வண்டியில் அரங்கை விட்டு வெளியேறியபோது, கூடியிருந்தவர்கள் ஸ்காட்லாந்தின் பழைய வழியனுப்பும் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். 1921-ல் கோபித்துக்கொண்டு அவர் கிளம்பிப் போன அதே ஊர்.

1971 டிசம்பர் 18-ல் இறந்தார். அடுத்த வருடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 10-வது ஹோலுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

2026 அமெச்சூர் போட்டிக்குப் பிறகு மெரியனுக்கு வரும் அடுத்த பெரிய போட்டி 2030 அமெரிக்க ஓபன். அந்த 11-வது ஹோலில் ஆட்டம் முடிந்து சரியாக 100 வருடம் ஆகியிருக்கும்.