தோட்டக் குறிப்பேடு எழுதிய ஜனாதிபதி

சென்ற ஆண்டு அம்மா திருநெல்வேலியிலிருந்து காப்பெலுக்கு வந்தபோது கத்தரி, வெண்டை, சுரை என்று நான்கைந்து விதைப் பொட்டலங்களைப் புடவை மடிப்பில் வைத்துக் கொண்டு வந்தார். விமான நிலையத்தில் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போயின. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டு வரக்கூடாது என்பது சட்டம். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாட்டி காலத்திலிருந்து கைமாறி வந்த விதை அல்லவா, அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஆறுதல் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. இந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியே விதை கடத்தியவர்தான்!

தாமஸ் ஜெஃபர்சன் 1743-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1766-இல் தொடங்கி 1824 வரை அவர் ஒரு தோட்டக் குறிப்பேடு எழுதி வந்தது அவ்வளவாகத் தெரியாது. எதை என்று விதைத்தார், எப்போது முளைத்தது, எப்போது சமையலுக்கு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. முளைக்காததையும், பூச்சி தின்றதையும், பனியில் கருகியதையும் அவர் மறைக்கவில்லை. என் கணக்கில் நான் காய்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்!

கடத்தலுக்கு வருவோம். பிரான்சில் தூதராக இருந்தபோது 1787-இல் அவர் வட இத்தாலிக்குப் போனார். அங்கே பீட்மாண்ட் பகுதியிலிருந்து விதைநெல்லை வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை. அவரோ கோட்டுப் பையில் நெல்லை நிரப்பிக் கொண்டு எல்லையைத் தாண்டி, தெற்கு கரோலினாவுக்கு அனுப்பி வைத்தார். ஒரு நாட்டுக்கு ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை, பயனுள்ள ஒரு பயிரை அதன் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே என்பது அவர் எண்ணம். அம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

ஜெஃபர்சனின் வீடு மாண்டிசெல்லோ என்ற குன்றின் மேல் இருந்தது. குன்றின் சரிவை வெட்டிச் சமன் செய்து 1,000 அடி நீளத்தில் காய்கறித் தோட்டம் அமைத்தார். 1809-இல் பதவி முடிந்து வீடு திரும்பியபின் அதுவே அவர் உலகம். 300-க்கும் மேற்பட்ட காய்கறி வகைகளை அங்கே பயிரிட்டுப் பார்த்திருக்கிறார். கீரை ரகமான லெட்டூஸை பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு விரற்கவசம் அளவு விதைக்கச் சொல்வார். (டாலஸ் வெயிலில் மே மாதமே அது பூத்துக் கசந்துவிடும்.) அவருக்கு மிகவும் பிடித்தது பட்டாணி. யார் வீட்டில் முதலில் காய்க்கிறது என்று அக்கம்பக்கத்தாருடன் ஆண்டுதோறும் போட்டி. ஜெயித்தவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும்.

நம் சமையலறைக்கு உறவான பயிர்களும் அங்கே இருந்தன. வெண்டை, கத்தரி, எள் எல்லாம் போட்டார். எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கப் பல ஆண்டுகள் முயன்றார். 1813 வாக்கில், அப்போது ஸ்பெயின் வசம் இருந்த சான் அன்டோனியோ பக்கத்திலிருந்து ஒரு குட்டி மிளகாயின் விதை நண்பர் ஒருவர் மூலம் அவருக்குக் கிடைத்தது. நம் ஊசி மிளகாய் போலக் காரம். எங்கள் டெக்சாஸ் மண்ணின் சொந்த மிளகாய் அது. என் கொல்லையில் இப்போது இரண்டு செடி நிற்கிறது.

இதுவரை சொன்னதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். ஜனாதிபதியா மண் வெட்டினார்? நியாயமான கேள்விதான். கிராமத்தில் வளர்ந்தவருக்கு உடனே தோன்றியது, நான் பல மாதம் படித்தும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சரிவை வெட்டியவர்கள் வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்த ஏழு அடிமைகள். ஏறத்தாழ மூன்றாண்டு வேலை. எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வெண்டையும் எள்ளும் அமெரிக்காவுக்கு வந்ததே ஆப்பிரிக்க அடிமைகளின் வழியாகத்தான். மாண்டிசெல்லோ அடிமைகள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தங்கள் குடிசைகளை ஒட்டிச் சிறு தோட்டம் போட்டார்கள். அந்தக் காய்களைக் காசு கொடுத்து வாங்கியது ஜெஃபர்சன் வீடே. பேத்தி ஆன் எழுதிய 1805 முதல் 1808 வரையிலான கணக்கில் இது பதிவாகியிருக்கிறது.

தலைமைத் தோட்டக்காரர் வோர்ம்லி ஹியூஸும் அடிமைதான். விதைத்ததும் நாற்று நட்டதும் அவர் கை. ஜெஃபர்சன் பெருங்கடனோடு 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், இறந்தார். அவருக்குக் குழி வெட்டியவர் ஹியூஸ். குடும்பத்தார் பிறகு அவரைச் சுதந்திரமாக விட்டார்கள். ஆனால் 1827 ஜனவரியில் கடனுக்காக ஏலம் விட்டபோது, விற்கப்பட்டவர்களில் அவர் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

மாண்டிசெல்லோவில் 1987 முதல் பழைய ரகங்களைக் காக்கும் மையம் ஒன்று இயங்குகிறது. விதைகளை விற்கவும் செய்கிறது. ஒட்டு ரகம் போல் அல்லாமல், பரம்பரை விதையை வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக் கொண்டால், எடுத்து வைத்து மறு ஆண்டும் போடலாம். மார்ச் மாதப் பனி போனபின் எங்கள் கரிசல் மண்ணில் நானும் அம்மாவும் வெண்டை போட்டோம். அம்மா ஊருக்குப் புறப்படுமுன் முற்றிய காய்களை உலர்த்தி, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி ஒரு டப்பாவில் போட்டார். மேலே என்ன பெயர் எழுத என்று கேட்டேன்.

அந்தத் தோட்டக்காரர் பேர் என்ன சொன்னே, அதையே எழுது என்றார்.